தம்போயில் ஒரு லிட்டர் டீசல்

2024 ஜூன் 9-ஆம் தேதி இரவு வரை தீபகற்ப மலேசியாவில் ஒரு லிட்டர் டீசல் 2 ரிங்கிட் 15 சென்னுக்குக் கிடைத்தது. மறுநாள் அதே லிட்டர் 3 ரிங்கிட் 35 சென். சபா, சரவாக், லாபுவான் நீங்கலாக மற்ற எல்லா இடங்களிலும் அரசாங்கம் பொது மானியத்தை எடுத்துவிட்டது. ஒரே இரவில் 56 விழுக்காடு ஏற்றம். ஒரு டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பின் 80 லிட்டர் தொட்டியை அடியிலிருந்து நிரப்ப முன்பு 172 ரிங்கிட் போதும். அன்று முதல் 268 ரிங்கிட்.

தம்போய் போன்ற இடத்தில் இந்த வித்தியாசம் நேராக வீட்டுச் செலவில் வந்து இடிக்கும். ஜொகூர் பாருவின் வடமேற்கில் இருக்கும் இந்தத் தொழிற்பேட்டையில் பெரிய ஆலைகளும் உண்டு, அவற்றை நம்பிப் பிழைக்கும் சின்னப் பட்டறைகளும் உண்டு. மின்வேலை எடுப்பவர், ஏர்கோன் பழுது பார்ப்பவர், இரும்புக் கதவு அடிப்பவர், ஆலைகளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவர் என்று பலருக்கும் பிக்கப்தான் கடை, அதுவேதான் குடும்ப வண்டி. தகுதியுள்ளவர்களுக்குப் பூடி மடானி திட்டத்தில் மாதம் 200 ரிங்கிட் உதவி வந்தது உண்மைதான். ஆனால் லிட்டருக்கு 1 ரிங்கிட் 20 சென் ஏறிய அன்றைய நிலையில், அந்த 200 ரிங்கிட் ஏறக்குறைய 167 லிட்டருக்குத்தான் ஈடுகட்டும். நூறு கிலோமீட்டருக்கு 10 லிட்டர் குடிக்கும் வண்டி அதில் 1,670 கிலோமீட்டர் ஓடும். 13 லிட்டர் குடிக்கும் வண்டி 1,285-இல் நின்றுவிடும். உதவித்தொகை எல்லாருக்கும் ஒன்றுதான். அது எத்தனை தூரம் வரும் என்பதை வண்டி தீர்மானிக்கிறது.

டீசல் விலை அதன்பிறகு சந்தையோடு ஏறி இறங்குகிறது. 2025-இல் பெரும்பாலும் 3 ரிங்கிட்டை ஒட்டியே இருந்தது. இனி வரும் கணக்குகளுக்கெல்லாம் 3 ரிங்கிட் என்றே வைத்துக்கொள்கிறேன்.

வண்டி வாங்கக் கிளம்பும் இளைஞர் பட்டறைக்காரரிடம் முதலில் கேட்பது, “அண்ணே, இது லிட்டருக்கு எவ்வளவு ஓடும்?” விவரம் தெரிந்த பட்டறைக்காரர் பதில் சொல்லமாட்டார். “நீ எங்க ஓட்டப் போற தம்பி? பின்னாடி என்ன ஏத்தப் போற?” என்று திருப்பிக் கேட்பார். அறிவியல் அந்தப் பட்டறைக்காரர் பக்கம் நிற்கிறது. எரிபொருள் சிக்கனம் என்பது வண்டிக்குள் ஒட்டி வரும் குணம் இல்லை. வண்டி, சாலை, சுமை மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் அது பிறக்கிறது. ஒரு லிட்டர் டீசல் எந்தெந்த வழியில் செலவாகிறது என்று பார்த்துவிட்டால், எந்த வண்டியை வாங்குவது என்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் ஒரு சிவப்பு விளக்கு.

ஓட்டுநர், ஏணி, கருவிப்பெட்டி எல்லாம் சேர்ந்து 2,000 கிலோ எடையுள்ள ஒரு பிக்கப் ஸ்கூடாய் சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அந்த வேகத்தில் அதனிடம் இருக்கும் இயக்க ஆற்றல் 278 கிலோஜூல். விளக்கு சிவப்பாகிறது, பிரேக்கை மிதிக்கிறார். 278 கிலோஜூலும் பிரேக் தட்டுகளில் வெப்பமாகிக் காற்றோடு போய்விடுகிறது. பச்சை விழுந்ததும் எஞ்சின் அதே அளவு ஆற்றலை முதலிலிருந்து கொடுக்க வேண்டும். நகர ஓட்டத்தில் டீசலில் உள்ள ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் சக்கரத்தை அடைகிறது. மீதி ரேடியேட்டரிலும் புகைபோக்கியிலும் வெப்பமாக வெளியேறுகிறது. அதனால் 278-ஐச் சக்கரத்துக்குக் கொடுக்க 1,110 கிலோஜூல் மதிப்புள்ள டீசல் எரிய வேண்டும். ஒரு லிட்டரில் இருப்பது 36 மெகாஜூல். கணக்குப் போட்டால், ஒரு முறை நின்று கிளம்ப 31 மில்லிலிட்டர். இரண்டு மேசைக்கரண்டி டீசல், ஒன்பது சென்.

ஒன்பது சென் சின்னக் காசாகத் தெரியலாம். தம்போய், லார்கின், கெம்பாஸ், ஸ்கூடாய் என்று சுற்றி வேலை பார்க்கும் ஒருவர் நாளில் 40 கிலோமீட்டர் ஓடி 60 முறை நின்று கிளம்புகிறார் என்று வையுங்கள். பிரேக்குக்கு மட்டும் 1.9 லிட்டர் போகிறது. டயர் உருள்வதில் 1 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. நெரிசலிலும் வாடிக்கையாளர் வாசலிலும் ஏர்கோனைப் போட்டுக்கொண்டு மொத்தம் ஒரு மணி நேரம் நிற்பதில் 0.8 லிட்டர். காற்றைக் கிழித்துப் போவதற்கு அரை லிட்டர். கூட்டினால் 40 கிலோமீட்டருக்கு 4 லிட்டருக்குச் சற்று மேல், அதாவது நூறு கிலோமீட்டருக்குப் பத்தேகால் லிட்டர். இது தாளில் போட்ட தோராயக் கணக்குத்தான். ஆனால் டீசல் பிக்கப்பை நகரத்துக்குள் ஓட்டுகிறவர்கள் சொல்லும் எண்ணுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. நகரத்தில் டீசலைத் தின்பது எடையும் நிறுத்தமும். காற்று கடைசியில் வருகிறது.

இதே கணக்கு வேறொன்றையும் காட்டுகிறது. பின்னால் ஏற்றி இறக்காமலே விட்டுவைத்த பழைய இரும்பும் கேபிள் சுருளும் 100 கிலோ இருந்தால், அதற்காக நாளுக்கு 140 மில்லிலிட்டர் கூடுதலாகப் போகும். மாதம் 25 நாள் வேலையென்றால் மூன்றரை லிட்டர், பத்து ரிங்கிட். இறக்கி வைப்பது நல்லது. ஆனால் தூரத்திலேயே விளக்கைக் கவனித்து, மிதியிலிருந்து காலை எடுத்து, வண்டியைத் தானாக உருளவிட்டு, நிற்காமலே பச்சையில் நுழைந்துவிடும் ஓட்டுநர் நாளில் 20 நிறுத்தங்களைத் தவிர்த்தால், மாதம் பதினைந்தரை லிட்டர் மிச்சம், 46 ரிங்கிட். வண்டியை மாற்றாமல் கிடைக்கும் பணம் இது. விற்பனைக் கூடத்தில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம்.

இப்போது வண்டியை நெடுஞ்சாலையில் ஏற்றுவோம். கூலாய் தாண்டி வடக்கே போகும் பிளஸ் நெடுஞ்சாலையில் வேக வரம்பு மணிக்கு 110 கிலோமீட்டர். அங்கே சிவப்பு விளக்கு கிடையாது. எடையின் பங்கு சட்டென்று சுருங்கி, காற்று முன்னுக்கு வருகிறது. காற்றின் எதிர்ப்பு மூன்று விஷயங்களைப் பொறுத்தது: வண்டி முகத்தின் பரப்பு, அதன் வடிவம், வேகத்தின் இருமடி. ஒரு சாதாரணக் காரைவிடப் பிக்கப்பின் முகம் பெரியது, வடிவமும் மொட்டையானது. இரண்டையும் பெருக்கினால் காருக்கு இருப்பதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு வருகிறது. 110-இல் போகும் பிக்கப்பைக் காற்று 660 நியூட்டன் விசையோடு பின்னுக்குத் தள்ளுகிறது. டயர் உருளும் எதிர்ப்பு 216 நியூட்டன் மட்டுமே. சக்கரத்துக்கு வந்து சேரும் ஆற்றலில் நான்கில் மூன்று பங்கு காற்றுக்கே போகிறது. வேகத்தை 90-க்குக் குறைத்தால் காற்றின் விசை 442 நியூட்டனாகிறது. நூறு கிலோமீட்டருக்கு ஏழரை லிட்டர் ஆகிக்கொண்டிருந்தது ஐந்தரைக்கு இறங்குகிறது.

தம்போயிலிருந்து கோலாலம்பூர் ஏறக்குறைய 330 கிலோமீட்டர். 110-இல் போனால் மூன்று மணி நேரம், 90-இல் போனால் மூன்று மணி நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தை வாங்க 6 லிட்டருக்கு மேல், அதாவது 19 ரிங்கிட் அளவு கொடுக்கிறோம். அவசர உதிரிப்பாகத்துக்காக ஓர் ஆலை காத்திருந்தால் அது மலிவு. காலி வண்டியில் திரும்பி வரும்போது அது வீண்.

நெடுஞ்சாலை என்றதும் பின்கதவுப் பேச்சு வந்துவிடும். பின்கதவைத் திறந்து தொங்கவிட்டால் காற்று தடையில்லாமல் வெளியே போகும், எண்ணெய் மிச்சமாகும் என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கேட்பதற்குச் சரியாகத்தான் தோன்றும். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த கெவின் கூப்பர் பிக்கப்களைக் காற்றுச்சுரங்கத்தில் சோதித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது: பின்கதவை மூடியே வையுங்கள். கேபின் கூரையைத் தாண்டி வரும் காற்று பின்கதவின் மேல்விளிம்பை ஒட்டிப் போகிறது. பின்னால் சுமை ஏற்றும் தட்டுக்குள் அகப்பட்ட காற்று அங்கேயே ஒரு சுழலாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. மேலே போகும் காற்றுக்கு அந்தச் சுழலே தரைபோல் ஆகிவிடுகிறது. காலித் தட்டில் கிடக்கும் பிளாஸ்டிக் பையைக் கண்ணாடியில் கவனித்திருக்கிறீர்களா? பறந்து வெளியே போவதற்குப் பதிலாகக் கேபினை நோக்கி ஊர்ந்து வந்து, எழும்பி, மறுபடி அங்கேயே விழும். அந்தச் சுழலைக் கண்ணால் பார்ப்பது அதுதான். கதவைத் திறந்தால் சுழல் உடைந்து எதிர்ப்பு கூடுகிறது. தட்டின்மேல் தட்டையான மூடி போட்டால் எதிர்ப்பு இன்னும் சற்றுக் குறையும். கேபினைவிட உயரமாகக் கித்தான் கூடாரம் கட்டினாலோ முகப்பரப்பே கூடிவிடும். மழைக்காக அது வேண்டியிருந்தால் கூரை மட்டத்தோடு நிறுத்துவது நல்லது.

டயரும் உயரமும் இதோடு சேர்ந்தவை. தூக்கிக் கட்டிய சஸ்பென்ஷன், கரடுமுரடான சேற்று டயர் எல்லாம் கோத்தா திங்கி பக்கம் செம்பனைக் காட்டுக்குள் தினமும் இறங்குகிறவருக்கு உண்மையிலேயே தேவை. தார்ச்சாலையை விட்டு இறங்காத வண்டியில் அவை காற்றுக்கும் உருளலுக்கும் இரட்டை வரி. இதில் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. பல பிக்கப்களில் வரும் 265/65 ஆர்17 டயரின் விட்டம் 776 மில்லிமீட்டர். அதைக் கழற்றிவிட்டு 285/70 ஆர்17 போட்டால் விட்டம் 831. சக்கரம் ஒரு சுற்றில் 7 விழுக்காடு அதிகத் தூரம் போகிறது, ஆனால் மீட்டருக்கு அது தெரியாது. நூற்றேழு கிலோமீட்டர் ஓடியதை நூறு என்றுதான் காட்டும். டயர் மாற்றிய பிறகு வண்டி ரொம்பக் குடிக்கிறது என்று புலம்புபவர்களின் புலம்பலில் ஒரு பகுதி மீட்டர் கணக்கு.

எஞ்சின் அளவுக்கு வருவோம். இங்கேதான் வாங்குகிறவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். 110-இல் போகும் நம் பிக்கப்புக்குக் காற்றையும் உருளலையும் வெல்ல எவ்வளவு சக்தி வேண்டும்? 27 கிலோவாட், அதாவது 36 குதிரைத்திறன். இசுசு டி-மேக்ஸின் 1.9 லிட்டர் எஞ்சின் 150 குதிரைத்திறன் தரும், 3.0 லிட்டர் எஞ்சின் 190 தரும். டொயோட்டா ஹைலக்ஸில் 2.4 லிட்டருக்கு 150, 2.8 லிட்டருக்கு 204. நெடுஞ்சாலையில் அனுமதித்த உச்ச வேகத்தில் போகும்போதும் மிகச் சின்ன எஞ்சினே தன் வலிமையில் கால் பங்கைத்தான் பயன்படுத்துகிறது.

எஞ்சின் தன் வலிமையில் நடுத்தரத்துக்கு மேல் உழைக்கும்போதுதான் டீசலை நன்றாகப் பயன்படுத்துகிறது. லேசான வேலையில் பிஸ்டன் உராய்வு, பம்புகள், தாங்கிகள் என்று தன்னையே சுற்றிக்கொள்ளும் செலவு பெரும்பங்காகிவிடும். நாலு பேர் வீட்டில் கல்யாண அண்டாவை அடுப்பில் ஏற்றினால், சோறு வேகும் முன் அண்டா சுடவே விறகு தீர்ந்துபோகும். சின்ன எஞ்சினோடு டர்போவைச் சேர்ப்பதன் பின்னால் உள்ள யோசனை இதுதான்: சாதாரண நாளில் சின்ன அண்டா, மேடு ஏறும்போது மட்டும் காற்றை அழுத்தித் திணித்துப் பெரிய எஞ்சின் வேலையை வாங்குவது. நின்றுகொண்டு ஓடும் நேரத்திலும் இதே வித்தியாசம் உண்டு, சின்ன எஞ்சின் குறைவாகக் குடிக்கும். ஆனால் தினமும் முழுச் சுமையோடு டிரெய்லரையும் இழுக்கிறவருக்கு இந்த ஆதாயம் கரைந்துவிடும், அவருக்கு 3.0 லிட்டர் எஞ்சின் சிரமப்படாமல் செய்யும் வேலையை 1.9 எப்போதும் அழுத்தத்திலேயே செய்துகொண்டிருக்கும். ஆண்டில் இரண்டு மூன்று நாள் வரும் பெரிய சுமைக்காக, மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாளும் பெரிய எஞ்சினுக்குத் தீனி போடுவது சரியா என்று ஒவ்வொருவரும் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். அந்த இரண்டு மூன்று நாளுக்கு லோரியை வாடகைக்கு எடுப்பது பல பேருக்கு மலிவாக வரும் என்பது என் எண்ணம்.

பிக்கப் என்றால் ஏன் டீசல்? 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் 26 விழுக்காட்டை வேலையாக மாற்றியது. அந்தக் காலத்து நீராவி எஞ்சின்கள் அதன் பக்கத்திலும் வரமுடியவில்லை. இன்றைய பிக்கப் டீசல் எஞ்சின் தன் சிறந்த நிலையில் 40 விழுக்காட்டைத் தொடும். காற்றை மிக அதிகமாக அழுத்துவது ஒரு காரணம். இன்னொன்று, பெட்ரோல் எஞ்சினில் காற்று உள்ளே வரும் வழியில் ஒரு தகட்டுக் கதவு உண்டு. மிதியை லேசாக மிதித்தால் அந்தக் கதவு முக்கால்வாசி மூடியிருக்கும், பிஸ்டன் ஒவ்வொரு முறையும் மூச்சுத்திணறிக் காற்றை இழுக்க வேண்டும். டீசலில் அந்த அடைப்பு கிடையாது, உள்ளே பீய்ச்சும் எண்ணெயின் அளவைக் குறைத்தாலே போதும். அதனால்தான் லேசான வேலையிலும் டீசல் சிக்கனமாக இருக்கிறது. ஃபோர்டு ரேஞ்சர் ராப்டரின் 3.0 லிட்டர் வி6 பெட்ரோல் எஞ்சின் 397 குதிரைத்திறன் கொண்டது. நெடுஞ்சாலைக்குத் தேவையான 36 அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அது ஆசைக்கு வாங்கும் வண்டி. கணக்குக்கு வாங்கும் வண்டி இல்லை.

ஆனால் லிட்டரை விட்டுவிட்டு ரிங்கிட்டில் பார்த்தால் 2025 இறுதி விலையில் படம் மாறுகிறது. 2025 செப்டம்பர் 30 முதல் பூடி95 திட்டத்தில் மலேசியர்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1 ரிங்கிட் 99 சென் ஆனது. ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல். ஒரு ரிங்கிட்டுக்கு பெட்ரோல் 16 மெகாஜூல் தருகிறது. 3 ரிங்கிட் விலையில் டீசல் 12 மெகாஜூல்தான். நகரத்தில் டீசல் எஞ்சின் கால் பங்கையும் பெட்ரோல் எஞ்சின் ஐந்தில் ஒரு பங்கையும் சக்கரத்துக்குக் கொண்டுவந்தால், ஒரு ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் வேலை டீசலில் 3 மெகாஜூல், பெட்ரோலில் 3.2. டீசலின் பழைய மேன்மை மலேசிய விலைப்பலகையில் கரைந்துபோயிற்று. மாதாந்திர உதவி கிடைக்கிறவருக்கும் சரக்கு வண்டிகளுக்கான 2 ரிங்கிட் 15 சென் சலுகை அட்டை வைத்திருப்பவருக்கும் கணக்கு வேறு. மற்றவர்களுக்கு இனி எடைதான் தீர்ப்பு சொல்லும்.

எடை என்று வந்தால் ஒரு டன் பிக்கப்பைத் தாண்டியும் பார்க்கத்தான் வேண்டும். டைஹட்சு கிரான் மேக்ஸ் போன்ற 1.5 லிட்டர் பெட்ரோல் குட்டி லோரி காலியாக ஏறக்குறைய 1,100 கிலோதான். ஏர்கோன் பழுது பார்ப்பவர் தூக்கித் திரியும் இரண்டு கம்பிரசரும் ஒரு ஏணியும் 200 கிலோ வந்தால் மொத்தம் 1,300. நம் பிக்கப்போடு ஒப்பிட்டால் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் வெப்பமாகப் போகும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். தமிழ்நாட்டில் 2005-க்குப் பிறகு தெருத்தெருவாகப் பரவிய டாடா ஏஸ், மக்கள் குட்டியானை என்று கூப்பிடும் வண்டி, இதே தர்க்கத்தில் பிறந்தது: இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன், முக்கால் டன் சுமை. காய்கறிச் சந்தைக்கும் சில்லறைக் கடைக்கும் நடுவே ஓட அது போதும் என்று லட்சக்கணக்கானோர் கண்டுகொண்டார்கள். மலேசியாவிலும் அப்படி ஒரு முயற்சி நடந்தது. வீரா காரை அடிப்படையாக வைத்து 2002-இல் புரோட்டோன் கொண்டுவந்த அரேனா, 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் சுமார் 600 கிலோ சுமக்கும் தட்டும் உள்ள சின்னப் பிக்கப். ஆஸ்திரேலியாவில் ஜம்பக் என்ற பெயரில் வாடிக்கையாளர்களைப் பிடித்தது, உள்நாட்டில் எடுபடவில்லை. டீசல் மலிவாக இருந்த காலத்தில் நான்கு கதவும் ஐந்து இருக்கையும் கொண்ட உயரமான வண்டிக்கு முன் அது தோற்றது. இன்றைய டீசல் விலையில் அது வந்திருந்தால் தம்போய்ச் சாலைகளில் நிறையப் பார்த்திருப்போம் என்று நம்புகிறேன்.

குடும்பத்துக்கும் வேலைக்கும் ஒரே வண்டி வேண்டும் என்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு இரட்டைக் கேபின்தான் வழி. அப்படியானாலும் நான்கு சக்கர இயக்கம் வேண்டுமா என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளலாம். கூடுதல் கியர்பெட்டி, முன் அச்சுத்தண்டு, முன் டிஃபரன்ஷியல் எல்லாம் அணைத்து வைத்திருக்கும்போதும் எடையாக உடன் வரும்.

இவற்றையெல்லாம் ஒப்பிடும்போது, கிலோமீட்டர்-லிட்டர் என்ற அளவே ஒரு பொறி. லிட்டருக்கு 8 ஓடும் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு 10 ஓடுவதை வாங்குகிறார் ஒருவர். இன்னொருவர் 12 ஓடுவதை மாற்றி 14 ஓடுவதை எடுக்கிறார். இருவருக்கும் ஆதாயம் 2 கிலோமீட்டர் என்றுதான் தோன்றும். நூறு கிலோமீட்டருக்கு முதலாமவர் இரண்டரை லிட்டர் மிச்சம் பிடிக்கிறார். இரண்டாமவர் ஒன்றேகால் லிட்டருக்கும் குறைவு. டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் இருவரும் 2008-இல் சயன்ஸ் இதழில் இந்த மயக்கத்தை விளக்கினார்கள். மைல்-கேலன் கணக்கில் பழகிய அமெரிக்கர்கள் இதே இடத்தில் சறுக்குகிறார்கள். வண்டிகளை ஒப்பிடும்போது நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கேட்டால் மயக்கம் வராது. ஒரு நிறுவனத்தில் மூன்று வண்டி இருந்தால் முதலில் மாற்ற வேண்டியது மிக மோசமாகக் குடிப்பதை; நன்றாக ஓடுவதை இன்னும் நன்றாக்குவதில் கிடைக்கும் காசு குறைவு.

சொந்த வண்டியின் எண்ணைக் கண்டுபிடிக்க விளம்பரத் தாளும் டேஷ்போர்டுத் திரையும் வேண்டாம். ஒரே நிலையத்தில், முடிந்தால் ஒரே பம்பில், குழாய் தானாக முதலில் நிற்கும் வரை நிரப்பி மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறையும் அதே மாதிரி நிரப்பி, ஊற்றிய லிட்டரை ஓடிய தூரத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். ஒரு நிரப்பலை மட்டும் நம்ப வேண்டாம். நுரை அடங்கும் அளவு மாறினாலே ஒன்றிரண்டு லிட்டர் வித்தியாசம் வரும். அடுத்தடுத்து பல நிரப்பல்களைச் சேர்த்துக் கூட்டினால் அந்தப் பிழை கரைந்துவிடும். டயர் காற்றை ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டைப்படி வையுங்கள். சுமைக்கும் காலிக்கும் பின்டயர் அளவு வேறாக இருந்தால் அதையும் பாருங்கள்.

டீசலின் தரத்தைக் குறை சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2019 முதல் மலேசியாவின் பெரும்பாலான இடங்களில் போக்குவரத்து டீசலில் 10 விழுக்காடு வரை செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல் கலக்கிறார்கள். ஜொகூர்த் தோட்டங்களில் நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக வெட்டிச் சுமந்த பழக்குலைதான் இப்படித் திரும்பி வந்து தொட்டிக்குள் விழுகிறது. 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு சின்ன டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியதை எண்ணினால் இது புதிய யோசனையும் இல்லை. பயோடீசலின் ஆற்றல் லிட்டருக்கு ஏறக்குறைய 33 மெகாஜூல். பத்து விழுக்காடு கலந்தால் வரும் இழப்பு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. மாதத்தில் அரை நாள் கூடுதலாக நெரிசலில் நின்றால் ஆகும் செலவு அதைவிடப் பெரிது.

பிரேக்கில் போகும் அந்த 278 கிலோஜூலைத் திரும்பப் பிடிக்க நடைமுறைக்கு ஏற்ற வழி மின்மோட்டார். மோட்டாரையே ஜெனரேட்டராகச் சுற்றவிட்டு வேகத்தைக் குறைத்தால், ஆற்றலில் பெரும்பகுதி பேட்டரிக்குத் திரும்புகிறது. இசுசு தாய்லாந்தில் செய்யும் மின் டி-மேக்ஸின் பேட்டரி 66.9 கிலோவாட்-மணி. ஜூலுக்கு மாற்றினால் 241 மெகாஜூல், 6.7 லிட்டர் டீசலில் இருக்கும் ஆற்றல்தான் அது. அதை வைத்துக்கொண்டு அது 263 கிலோமீட்டர் போகும் என்று ஐரோப்பியச் சோதனை முறையில் அளந்திருக்கிறார்கள். டீசல் எஞ்சின் வெப்பமாக வீசிவிடும் முக்கால் பங்கு எவ்வளவு பெரியது என்று இதைவிடத் தெளிவாகக் காட்டும் எண் எனக்குத் தெரியாது. மின்நிலையத்தில் நிலக்கரியும் எரிவாயுவும் எரியும்போது வீணாகும் வெப்பத்தை இதில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதைச் சேர்த்தால் இடைவெளி சுருங்கும், ஆனால் நின்று நின்று போகும் நகர ஓட்டத்தில் மூடாது. ஒரு டன் சுமையை ஏற்றும் வண்டி அது. தம்போயிலிருந்து பாசிர் கூடாங் துறைமுகம் போய்த் திரும்புகிறவருக்கு ஒரு நாள் ஓட்டம் தாராளமாக அடங்கும். இரவு பட்டறையிலேயே சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். சுமையோடு 110-இல் கோலாலம்பூர் போகிறவருக்குக் காற்றுதான் எதிரி. அவர் வழியில் எங்காவது நிறுத்திச் சார்ஜ் ஏற்றித்தான் ஆக வேண்டும். இன்றைக்கு அவருக்கு 1.9 அல்லது 2.4 லிட்டர் டீசலும், நூறைத் தாண்டாத வேகமுமே சரி.